ரோஸ் கலர் வானம்

நாகராஜ் வெளியே கிளம்பும்போதெல்லாம் சட்டையைப் பெண்டாட்டி தேவிப்பிரியாவிடம் காட்டுவார். "பச்சை" என்றோ "பிரவுன்" என்றோ அவள் மெல்லச் சொல்வாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வழக்கம்தான். சில நிறங்கள் அவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

தவளக்குப்பத்தில் அவளுடைய அண்ணன் ராமதாஸின் பேனர் கடையில் அவர் வேலை பார்த்தார். ஒரு கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஏஐயிடம் மேகம் மூடிய வானம் கேட்டார். வந்த படங்களில் சாம்பல் நிறம் என்று நினைத்து அவர் எடுத்தது ரோஸ் கலர்.

"செத்தவருக்குக் கல்யாணமா மாப்ள? கண்ணை அடகு வெச்சுட்டியா?" என்றான் ராமதாஸ். சாவு வீட்டுக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அன்றே வேலையும் போனது. சாப்பாடு கொண்டுவந்த தேவிப்பிரியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிரிலேயே அவளும் ஒரு பேனர் கடை போட்டாள். ஏஐ தரும் படத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் கருப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பார்கள். அதில் எழுத்து மங்கினால், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்குப் புரியாது என்று வேறு படம் கேட்பார்கள்.

ராமதாஸிடம் வழக்கமாகப் பேனர் அடிக்கும் மீனவ ஊர்த் தலைவருக்கும் நாகராஜ் மாதிரியே கண். பச்சைப் படத்தின்மேல் சிவப்பில் போட்ட தன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. "எம்பேரு எங்கடா?" என்று கத்திவிட்டு எதிர்க்கடைக்கு வந்தார்.

பின்னாலேயே ராமதாஸும் வந்தான். "எப்படிப் பண்றீங்கன்னு எனக்கும் சொல்லும்மா."

"அன்னிக்குச் சிரிச்சவங்களைக் கூட்டிட்டு வாண்ணா. அவங்க முன்னால இவர்கிட்ட கேளு."

ராமதாஸ் இன்னும் கேட்கவில்லை. ஊர்த் திருவிழா பேனர்கள் இப்போது தேவிப்பிரியாவின் கடையில்தான் அடிக்கிறார்கள்.