என் பேச்சுக்கு அடியில் ஒரு பாட்டு

போன வியாழக்கிழமை காலையில், போடிமெட்டு ஏறும் ஜீப் ஒன்றில் என் குரலை நானே கேட்டேன். டேப்ரிக்கார்டரில். முழுசாகப் பன்னிரண்டு நிமிடம்!

கேட்கக் கேட்க என் மேலேயே ஆத்திரம் வந்தது. சமவெளியாக இருந்தால் இறங்கி நடந்திருப்பேன். கொண்டை ஊசி வளைவில் எங்கே இறங்குவது?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போடியில் எங்களுக்கு ஓர் இசை ரசிகர் வட்டம் உண்டு. பாங்க் ஊழியர்கள், ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளைகள், என்னைப் போல எழுதித் திரிகிறவர்கள்... இருபது பேர் இருப்போம். அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்றால் எங்களுக்கு உயிர். சிற்றலை ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே கேட்டுக் கேட்டே தேறியவர்கள்.

கேட்டோமா, ரசித்தோமா என்று இருக்கலாம் இல்லையா? மாட்டோம். பட்டிமன்றம் வைத்தோம். 'ரிதம் அண்ட் ப்ளூஸில் தலைசிறந்த பத்துப் பேர் யார்?' நடுவர், மணி, கலர் சோடா — ஒரு குறையும் இல்லை.

(அந்தப் பத்துப் பேர் யார் யார் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் 'இன்னாரை எப்படி விடலாம்?' என்று கடிதம் போடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?)

இந்த இடத்தில் நாகராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலமலைக்காரர். ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைத் தினமும் காலையில் போடியிலிருந்து மேலே கொண்டுபோய் விடும் ஜீப் டிரைவர். துபாயிலிருந்து வந்த மச்சினன் அவருக்கு ஒரு டேப்ரிக்கார்டர் கொடுத்தார். அதற்குள் ஒரு கேசட் இருந்தது. அங்கே மச்சினனோடு அறையில் தங்கியிருந்த யாரோ பதிவு செய்தது. மேலே பெயர் கிடையாது. உள்ளே ஒரு பெண் குரல்.

ஒரு தடவை அந்த ஜீப்பில் போனபோது கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வட்டத்தில் ஒருத்தரும் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து வருகிறது. அழுகிறாரா, அதட்டுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. யார் இந்த அம்மா என்று கேட்டேன். நாகராஜுக்குத் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பேச்சியம்மா என்பவர்தான் பதில் சொன்னார்.

"யாரா இருந்தா என்ன சார்? நாள் பூரா சோலி பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, ஒருத்தனும் அடுப்புக்கூடப் பத்த வைக்கலைன்னா எப்படி இருக்கும்? அப்படிப் பாடுறா."

இதைவிட நல்ல விமர்சனம் நான் எழுதியதில்லை.

பட்டிமன்றத்தில் போட்டுக் காட்டுகிறேன் என்று அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கியவன் நான்தான். நாகராஜ் தயங்கினார்.

"இது ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. மச்சினன்கிட்டயும் வேற இல்ல. பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துருங்க."

யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்துவிடக் கூடாது என்று, கேசட்டின் பின்பக்கம் இருக்கிற இரண்டு சின்னத் தக்கைகளையும் ஏற்கெனவே உடைத்து வைத்திருந்தார். அவ்வளவு கவனம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் செயலாளரிடம் கேசட்டைக் கொடுத்தேன். விஷயத்தையும் சொன்னேன்.

"ஜீப் டிரைவர் கேசட்டா? பாடுறது யாருங்க?"

"பேரு தெரியல."

"பேரே தெரியாத ஆளைப் பட்டியல்ல எப்படிங்க சேக்குறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானா? நானும் கொஞ்சம் சிரித்தேன். என் முறை வரும்போது போட்டுக் காட்டலாம் என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

என் முறை கடைசியாக வந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நடுவர் மூன்று தடவை மணி அடித்தார். நிறுத்தினேனா? மேஜை மேல் ரிக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆஹா, நம் பேச்சு பதிவாகிறது என்று குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டலில் கேசட்டைப் போடச் சொல்ல மறந்தே போனேன். பத்துப் பேர் பட்டியலை வாசித்தார்கள். கலைந்தோம்.

மறுநாள் போய்க் கேசட்டைக் கேட்டேன். செயலாளர் எடுத்துக் கொடுத்தார். அதில் அழகாக ஒரு லேபிள் ஒட்டி, 'பட்டிமன்றம்' என்று எழுதியிருந்தது.

"என்னங்க இது?"

"காலி கேசட் வாங்க மறந்துட்டோம். அதான் இதுலயே எடுத்துட்டேன். தக்கை உடைஞ்சிருந்துச்சு, பேப்பரை மடிச்சுத் திணிச்சேன். ரெண்டு பக்கமும் அருமையா வந்திருக்கு, கேட்டுப் பாருங்க!"

"அதுல பாட்டு இருந்துச்சேய்யா!"

"பேரு தெரியாத பாட்டுதானே? டிரைவருக்கு நல்ல சினிமாப் பாட்டு கேசட் ஒண்ணு வாங்கிக் கொடுத்துருவோம்."

யார் பெரிய பாடகர் என்று தீர்மானிக்கக் கூடினோம். கூடி, ஒரு பெரிய பாடகியை அழித்துவிட்டு, அவர் குரலின் மேல் எங்கள் கனைப்பையும் இருமலையும் ஏற்றி வைத்திருக்கிறோம். இது ரசனையா? ரசிகர் வட்டமாம், ரசிகர் வட்டம்! தக்கையை ஒருவர் எதற்காக உடைப்பார் என்று யோசிக்கத் தெரியாதவருக்குச் செயலாளர் பதவி. கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அங்கேயே போட்டுவிட்டுக் கைதட்டலுக்கு மயங்கினவனுக்கு பத்திரிகையில் வாராவாரம் ஒரு பத்தி. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி செயலாளரைக் கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதே நாலு வார்த்தையை எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

கேசட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். நாகராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, விடுங்க சார்" என்றார். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை.

மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை ஒழுங்காக மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போன வியாழக்கிழமை ஜீப்பில் ஏறினேன். அடிவாரம் தாண்டியதும் அவர் அதே கேசட்டைப் போட்டார். எங்கள் பட்டிமன்றம்!

"எதுக்கு நாகராஜ் இதைப் போய்ப் போடுறீங்க?"

"இந்தப் பக்கத்துக் கடைசியில பழைய பாட்டு கொஞ்சம் மிஞ்சியிருக்கு சார்."

"அப்படின்னா ஓட்டிவிட்டு அதை மட்டும் போடலாமே?"

"வேகமா ஓட்டுனா டேப்பு சிக்கிக்கிருது சார். இருக்கதும் போயிரும்."

ஒரு பக்கம் முக்கால் மணி நேரம். மலை ஏறவும் அவ்வளவு ஆகும். தினமும் காலையில் அந்தப் பெண்கள் அத்தனை உளறலையும் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். என் பேச்சு அவர்களுக்கு மனப்பாடம். மூன்றாவது மணி அடிக்கும்போது இரண்டு பேர் கூடவே 'டிங்' என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கைதட்டல். நன்றியுரை. 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அந்த அம்மா.

பாட்டின் பாதியிலிருந்து, ஒரு நிமிடம்கூட இருக்காது. டேப் நின்றது. போடிமெட்டு வந்துவிட்டது.

இறங்கும்போது பேச்சியம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"கடைசியாப் பேசுறது நீங்கதானா சார்?"

தலையை ஆட்டினேன்.

"கொஞ்சம் வெரசா முடிச்சிருக்கக் கூடாதா? எங்களுக்கு இன்னும் கொஞ்சம் பாட்டு மிஞ்சியிருக்கும்ல."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கூடுதலாக நான் பேசியது ஏழு நிமிடம். பாடிய அந்த அம்மாவின் கணக்கில் இரண்டு பாட்டு.