ஆயர் ஈத்தாம் மலையில் தகரம் தட்டாத நாள்

சென்ற நவம்பர் முதல் வாரத்தில் ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் போனேன். ஆயர் ஈத்தாமுக்கு மேலே, ஜாதிக்காய்த் தோட்டங்கள் வழியாகப் போகும் மலைப்பாதை மறுபடி திறந்துவிட்டதா என்று இந்த இணையத்தளத்தைப் படிப்பவர்கள் சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சரோஜா. அந்தப் பாதையோரத்தில் டுரியானும் ஜாதிக்காயும் போட்டிருக்கும் தோட்டக்காரி. முன்பு ஏறும்போதெல்லாம் அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். பிப்ரவரியில் அந்தச் சரிவு எரிந்தபோது அவர் கணவர் கணேசன் இறந்துபோனார். அடுத்த வறட்சிக்குள் மலைத்தீயைத் தடுக்க அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் போட்டிருக்கிறது, அதை விளக்கக் கூட்டம் வைக்கிறார்கள் என்று போனில் சொன்னார்.

“நீங்க வந்து சும்மா உக்காந்திருங்கண்ணே. பேப்பர்காரர் ஒருத்தர் இருக்காருன்னா பதில் கொஞ்சம் ஒழுங்கா வரும்.”

பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று நாளாகிவிட்டதே என்றேன்.

“மூஞ்சி அப்படியேதானே இருக்கு? அது போதும்.”

காலை ரயிலில் ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கட்டணம் நாற்பது மலேசிய வெள்ளிக்குள். ரயில் நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை வழியாகவே படகுத்துறைக்குப் போய்விடலாம். படகு இரண்டு வெள்ளி. அக்கரையில் இறங்கியதும் பேருந்து நிற்கும். ஆயர் ஈத்தாம் சந்தை வரை எட்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம்தான். ஆனால் நெரிசலில் முக்கால் மணி நேரம் எடுத்தது. பாலம் வழியாகப் பேருந்திலும் வரலாம். நேரம் இருந்தால் படகையே எடுங்கள். தீவின் மலைகளை முழுதாகப் பார்க்க அதுதான் வழி. அன்று மலையின் மேற்பாதி மேகத்துக்குள் இருந்தது. கீழே ஒரு பகுதி மட்டும் மொட்டையாக, பழுப்பாகத் தெரிந்தது. அங்கேதான் போகவேண்டியிருந்தது.

சந்தையிலிருந்து பாதை தொடங்கும் இடம் மூன்று கிலோமீட்டர். வாடகைக் கார் எடுத்தேன், பத்து வெள்ளி. ஓட்டுநர் ரஹீம், அங்கேயே அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்.

“அந்த மலையா? எரிஞ்சப்போ எங்க மாடியிலேர்ந்து நல்லா தெரிஞ்சிச்சு.”

“போம்பாவுக்கு யார் சொன்னது?” என்று கேட்டேன். போம்பா என்றால் இங்கே தீயணைப்புப் படை.

“எல்லாரும் வீடியோ எடுத்தோம் லா. எடுத்த அத்தன பேரும், பக்கத்துல இருக்கறவன் சொல்லியிருப்பான்னு நெனச்சோம்.” ஒரு வளைவு தாண்டிய பிறகு, “என் போன்ல இன்னும் இருக்கு. பாக்க மனசு வரல. அழிக்கவும் மனசு வரல” என்றார். மீதிச் சில்லறையை எண்ணாமல் கொடுத்தார்.

பாதை சரோஜாவின் வீடு வரை ஒன்றே முக்கால் கிலோமீட்டர். முன்பு முழுவதும் நிழல். இப்போது முதல் ஐந்நூறு மீட்டர் மட்டும் மரம். அதற்கு மேல் கரிந்த அடிமரங்களும், அவற்றுக்கிடையே இடுப்புயரம் வளர்ந்த லாலாங் புல்லும். பச்சையைப் பார்த்துக் காடு திரும்பி வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். எரிந்த மண்ணில் முதலில் வருவது இந்தப் புல்தான். வறட்சியில் முதலில் காய்ந்து பற்றுவதும் இதுதான். இரண்டு இடத்தில் கல் படிகளை மழைச்சேறு அடித்துக்கொண்டு போயிருந்தது. வேர் இல்லாத சரிவு மண்ணைப் பிடித்து வைப்பதில்லை.

சரோஜா வாசலில் நின்றார். “பசியாறிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டை வைத்தார். மகள் கவிதாவும் இருந்தார். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அன்று அரைநாள் விடுப்பு.

“அங்கிள், எங்கம்மா இன்னிக்கி மேடைப் பேச்சாளர். கைதட்ட வந்தீங்களா?”

“நீ சும்மா இரு” என்றார் சரோஜா.

வீட்டுப் பக்கத்து ரம்புத்தான் கிளையில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சரிவின் வழக்கம் அது. டுரியான் பூப்பதற்கு முன் காய்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்துவார்கள். கொளுத்துகிறவர் முதலில் தகரத்தை மூன்று தட்டு தட்டுவார். கேட்டவர்கள் தங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு தட்டு திருப்பித் தட்டுவார்கள். என் நெருப்பு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அந்த மூன்று தட்டுக்குப் பொருள். சத்தம் இல்லாமல் புகை எழுந்தால் அது யாருடையதும் இல்லை. எல்லோரும் தண்ணீரோடு ஓடுவார்கள்.

திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்ற தடை கடுமையான பிறகு தகரங்கள் நின்றுபோயின. தட்டினால் நாமே நம்மைக் காட்டிக்கொடுத்த மாதிரி. எரிப்பது மட்டும் நிற்கவில்லை. கூட்டிய இலையைத் தோளில் சுமந்து மலையிறக்க யாராலும் முடியாது. ஆகவே சத்தமில்லாமல் கொளுத்தினார்கள். கணேசனுக்கு ஒரு முறை சமான், அதாவது அபராத நோட்டீஸ், வந்தது. அபராதம் கட்டினார். இன்னொரு முறை பிடிபட்டால் நில உரிமம் போய்விடும் என்று எச்சரித்தார்கள்.

“அன்னைக்கி நான் கீழ லிம் அங்கிள் கொட்டாயில ஜாதிக்கா நிறுத்துக்கிட்டு இருந்தேன்” என்றார் சரோஜா. லிம் அடுத்த தோட்டக்காரர், வயதான சீனர்; சரோஜாவின் ஜாதிக்காயை எடை போட்டு வாங்குகிறவரும் அவர்தான். “மேல பொகை. அங்கிள் போனை எடுத்துட்டாரு. போம்பாவுக்குச் சொல்லவா, இல்ல உன் வீட்டுக்காரனான்னு மலாய்ல கேட்டாரு. எங்க வீட்டுக்காரர்தான், இலை கொளுத்துறாரு, போன் பண்ணாதீங்கன்னேன். அவரும் போனைப் பாக்கெட்ல போட்டுட்டாரு.”

தீ மலையின் மறுபக்கத்திலிருந்து ஏறி வந்திருந்தது. எங்கே தொடங்கியது என்று இன்றுவரை தெரியவில்லை. கணேசன் மருந்தடிக்கும் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு தனியாக அணைத்துக்கொண்டிருந்தார். போன் வீட்டில் இருந்தது. புகை கறுத்த பிறகுதான் கீழே இருந்தவர்கள் அழைத்தார்கள். வண்டி பாதி வழிக்கு மேல் ஏறாது. குழாயைத் தூக்கிக்கொண்டு வந்த வீரர்கள் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அவரைக் கண்டார்கள்.

“அவரு கொளுத்தல அண்ணே. அவராதான் இருக்கும்னு நெனச்சு, சமானுக்குப் பயந்து, நான்தான் அப்படிச் சொன்னேன்.”

இதைத்தான் கூட்டத்தில் சொல்லப்போவதாகச் சொன்னார். கவிதா சட்டென்று எழுந்தார். “உரிமம் அப்பா பேர்லேர்ந்து இன்னும் மாறலம்மா. நாங்க எல்லாம் திருட்டுத்தனமா கொளுத்துவோம்னு நீயே போய்ச் சொன்னா யாரு மாத்திக் குடுப்பா? இந்த வீடும் போயிரும்.”

“சொல்லலன்னா அடுத்த வருசமும் யாராச்சும் போனைப் பாக்கெட்ல போடுவாங்க.”

மதியம் மூன்று மணிக்கு, மலையடிவாரத்தில் கூட்டம். மண்டபத்தில் அறுபது பேர் இருந்திருப்போம். லிம் மூன்றாவது வரிசையில், கால்களுக்கிடையே குடையோடு. விளக்கிய அதிகாரி இளைஞர், பொறுமையானவர். வறட்சி மாதங்களில் டிரோன் பறக்கும். அபராதம் கூடும். தோட்டங்களைச் சுற்றி ஆறு மீட்டர் அகலத்துக்கு மரம் செடி இல்லாத தடுப்புப் பாதை வெட்ட வேண்டும். ஒருவர் எழுந்து, மலை நிலத்தில் மரம் வெட்டினால் இன்னொரு இலாகா அபராதம் போடுகிறதே, எதைக் கேட்பது என்றார். இரண்டு இலாகாவும் பேசி முடிவெடுக்கும் என்று பதில் வந்தது. இதே பதிலை வேறு வேறு மண்டபங்களில் நான் பலமுறை குறிப்பெடுத்திருக்கிறேன்.

பிறகு சரோஜா எழுந்து மலாயில் பேசினார். தகரத்தைப் பற்றிச் சொன்னார். லிம் பெயரைச் சொல்லாமல், அன்று போன் செய்ய வேண்டாம் என்று தான் தடுத்ததைச் சொன்னார். இரண்டு கேட்டார். முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஈரமான நாளில், தண்ணீர் வைத்துக்கொண்டு இலை எரிக்க அனுமதியுங்கள். புகை என்று அழைக்கிறவரிடம் முதலில் பெயரும் நில எண்ணும் கேட்காதீர்கள்.

அதிகாரி கவனமாகத்தான் கேட்டார். “அப்படியானால் இப்போதும் எரிக்கிறார்கள். எந்தெந்தத் தோட்டங்களில்?” என்றார்.

லிம் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்று அதிகாரிக்கே புரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடினார். பெயர் கேட்பதை நிறுத்தப் பார்க்கிறோம், எரிக்கும் அனுமதி தன் கையில் இல்லை என்றார். வெளியே வரும்போது ஒரு உதவியாளர் சரோஜாவின் நில எண்ணைக் கேட்டார். கவிதாதான் சொன்னார், ஒவ்வொரு எண்ணாக.

இதை எழுதுவது ஜனவரி கடைசியில். போன வாரம் சரோஜாவுடன் பேசினேன். அழைக்கிறவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று பாதை முகப்பில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். தடுப்புப் பாதை பற்றிப் பேச்சே இல்லை. எரிக்கும் அனுமதி கிடையாது. உரிமம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. அது முடியும்வரை தீயில் கரிந்த வீட்டுப் பின்சுவரைக் கூடக் கட்டக் கூடாது.

“மழை நின்னுருச்சு அண்ணே. லாலாங் காய ஆரம்பிச்சிருச்சு. போன செவ்வாய்க்கெழம கீழ்ப்பக்கம் பொகை. தகரச் சத்தம் இல்ல. நான் யாரையும் கேக்கல, போன் பண்ணிட்டேன்.”

“யார் நெருப்பு?”

“லிம் அங்கிளோட இலைக் குப்பை. பக்கத்துலதான் நின்னுருக்காரு, பக்கெட்டோட. போம்பா வந்து அணைச்சிச்சு, பின்னாலயே சமானும் வந்துச்சு. இப்ப என் ஜாதிக்காய அவரு நிறுக்கறதில்ல. நான் கடலத் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் கொண்டு போறேன்.” பிறகு, “நான் செஞ்சது தப்பா அண்ணே?” என்றார்.

இல்லை என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: பாதை திறந்திருக்கிறது. ஆனால் முதல் ஐந்நூறு மீட்டருக்கு மேல் நிழல் இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். எட்டு மணிக்கு முன் ஏறத் தொடங்குங்கள். படி இடிந்த இரண்டு இடங்களிலும் இடப்பக்கம் கயிறு கட்டியிருக்கிறது, மழை பெய்த மறுநாள் அதை நம்ப வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் போகாமலிருப்பது நல்லது. சிகரெட்டும் அடுப்பும் கீழேயே இருக்கட்டும். சரோஜா வீட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் கிடைக்கும். இப்போது நேராக அவரிடமே வாங்கினால் அவருக்கு உதவி.

மேலே எங்காவது புகை தெரிந்தால் யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் சொல்லியிருப்பார் என்றும் நினைக்காதீர்கள். அழையுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. யாருக்காவது சமான் வரலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் அழைக்கச் சொல்கிறேன்.