வெர்னா ஹாகிட் அனுப்பிய இரண்டாவது செய்தி

எங்கள் நியூசிலாந்து மேற்குக் கரை ஆட்களிடம் நலம் விசாரிப்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. கோடரி காலில் இறங்கியிருந்தாலும் “மோசமில்லை” என்பார்கள். ஆறு வீட்டுக்குள் புகுந்து கட்டிலை இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் “தரை கொஞ்சம் ஈரம்” என்பார்கள். வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்வது இவர்களுக்கு மானக்கேடு. இத்தனை வருடம் இவர்களோடு குப்பை கொட்டியும் எனக்கு இது மட்டும் பிடிபடவில்லை. சில நாள் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கூட்டத்துக்கே தலைவி என்றால் அது வெர்னா ஹாகிட்தான். ஹோக்கிட்டிக்காவுக்குத் தெற்கே பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோகும் வண்டி அவளுடையது. மகள் பிரைடி பிறந்த அன்று இடுப்பு வலியோடு கடைசி வீடு வரைக்கும் தபாலைப் போட்டு முடித்துவிட்டு, தானே ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டிப் போனாளாம். போனதோடு விட்டாளா, வண்டியை நிறுத்துமிடத்தில் போட்டிருந்த கோட்டுக்குள் நேராக நிறுத்திவிட்டுத்தான் இறங்கினாளாம். இதை ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருக்கும்.

கணவன் லிண்ட்ஸே அவளுக்குச் சளைத்தவனா என்ன? வேலி போடுகிறவன். ஒருநாள் கம்பி தெறித்து உதடு கிழிந்தது. மத்தியானம் ரொட்டியைக் கடிக்க முடியாமல் போனபோதுதான் வெர்னாவுக்கே தெரியும். இப்படி ஒருவருக்கொருவர் எதையும் சொல்லாமலேயே இரண்டு பேரும் முப்பது வருடத்துக்கு மேல் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தினார்கள். வருடத்தில் நாலைந்து தடவை முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குள் போய்விடுவார்கள். பாதை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஆற்றைக் கடந்து, பாறையில் ஏறி, தகரக் குடிசையில் படுத்து, மணல் ஈயிடம் கடி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

பிரைடி வெலிங்டனில் கல்யாணம் செய்துகொண்டு போனபின், அம்மாவும் அப்பாவும் இப்படிப் போவதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அளவு கருவி ஒன்றை வாங்கிவந்து அம்மா கையில் வைத்தாள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். தினமும் சாயங்காலம் ‘நலம்’ என்று ஒரு செய்தி வர வேண்டும், ஆபத்து என்றால் மூடிக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், கருவி எப்போதும் அம்மாவின் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும், மூட்டையில் அல்ல. இந்த மூன்றுக்கும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேரனைப் பார்க்க வரச் சொன்னாள்.

லிண்ட்ஸேக்கு அந்தக் கருவியைக் கண்டாலே இளக்காரம். செய்தி போவதற்கு வானம் தெரிய வேண்டும் என்பதால் வெர்னா அதைக் குடிசைக்கு வெளியே கல்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பாள். அவன் தேநீர் டின்னைக் கிளறிக்கொண்டே கேட்பான்.

“என்ன கிழவி, உன் கோழி முட்டை போட்டுச்சா?”

“போடும் போடும். நீ வாயை மூடு, அது மிரளுது.”

போன மார்ச்சில் ஸ்லேட்டி ஆறு பிறக்கும் இடத்துக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் வடமேற்கு மழை பிடிக்கப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். எங்கள் பக்கம் அந்த மழை பிடித்தால் இரண்டு நாள் மேகம் தரைக்கு இறங்கிவிடும், ஆறு யாரையும் விடாது. அதனால்தான் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். ஓடை ஒன்றைத் தாண்டும்போது பாசிப் பாறையில் லிண்ட்ஸேயின் கால் வழுக்கி, மூட்டையின் கனத்தோடு அடுத்த பாறையின் விளிம்பில் இடது விலா அடிபட விழுந்தான். சட்டைப் பையிலிருந்த போன் சில்லுச் சில்லாய்ப் போயிற்று. எழுந்தான், தொப்பியைத் தேடினான், ஒன்றுமில்லை என்றான். அரை மணி நேரம் நடந்தும் காட்டினான். பிறகு அடர்ந்த காட்டு மரங்களுக்கடியில் மெதுவாக உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

வெர்னா கருவியை எடுத்தாள். அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது என்று அவன் சண்டைக்கே வந்தான். அது சாகக் கிடக்கிறவர்களுக்கு, விலா வலிக்கெல்லாம் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது, நண்பர்கள் அடுத்த வருடம் வரைக்கும் சிரிப்பார்கள் என்றான். அவள் கேட்கவில்லை. ஆற்றோரம் இறங்கி வானம் தெரிந்த இடத்தில் நின்று மூடியைத் திறந்து அழுத்தினாள். என்ன நடந்தது என்று மீட்பு நிலையத்திலிருந்து கேள்வி வந்தது. இந்த இடத்தில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் செய்யமாட்டாள். தட்டி அனுப்ப இருந்த போனும் உடைந்துபோனதால், கருவியிலுள்ள சின்னப் பொத்தான்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ‘கணவர் விழுந்தார். விலா வலி. வசதியாக இருக்கிறார். அவசரமில்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

வசதியாம். ஈர மண்ணில் முதுகை மரத்துக்குக் கொடுத்து ஒருவன் மூச்சைத் துண்டு துண்டாக விட்டுக்கொண்டிருக்கிறான், அதற்கு இவள் வைத்த பெயர் வசதி. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. கை தானாக அப்படித்தான் எழுதிற்று. பிறந்ததிலிருந்து பேசி வந்த பேச்சு அது.

பதில் மரியாதையாக வந்தது. ஹெலிகாப்டர் வடக்கே வேறொரு வேலைக்குக் கிளம்புகிறது, மேகமும் இறங்குகிறது, அவர் வசதியாக இருப்பதால் வானம் தெளிந்ததும் வருகிறோம், நிலைமை மாறினால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அவள் எழுதியதை நம்பினார்கள்.

அவள் மேலே ஏறிவந்து, கோழி முட்டை போட்டாயிற்று, நாளையோ மறுநாளோ வருவார்கள் என்று சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. கிண்டலாக ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். உடனே மறுபடி கேட்டான். முகம் மெழுகுபோல் வெளிறியிருந்தது. சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தாள். பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவனைத் தெரியும். லிண்ட்ஸே ஹாகிட் அவளைச் சீண்டாமல் ஒரு பகல் இருந்தது கிடையாது.

“லிண்ட்ஸே, உண்மையைச் சொல்லு. எப்படி இருக்கு?”

“மோசமில்ல,” என்றான். கண்ணைத் திறக்காமல் சொன்னான்.

தன் மேல்சட்டையைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். மறுபடி ஆற்றுக்கு ஓடினாள். அவனைத் தனியே விட்டுப் போவது உயிரைப் பிடுங்கியது. ஆனால் மரத்தடியில் நின்று எத்தனை செய்தி எழுதினாலும் ஒன்றும் போகாது. கரையோரம் இப்போது மேகம் இறங்கி மலை இரண்டு பக்கமும் நெருங்கிவந்தது போலிருந்தது. செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் நகர்ந்துவிட்டதோ என்னவோ, கருவி தேடிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. ஆற்றின் நடுவில்தான் வானம் அகலமாகத் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தள்ளாடி, நடு ஆற்றுப் பாறை ஒன்றின்மேல் ஏறி நின்றாள். அறுபத்தொரு வயதுக்காரி.

விறைத்த விரலால் எழுத ஆரம்பித்தாள். ‘கணவர் நிலை கொஞ்சம்’ என்று வந்தது. அந்தக் ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையைப் பார்த்தாள். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்த தன் அப்பாவின்மேல், லிண்ட்ஸேயின்மேல், தபால் வண்டியைக் கோட்டுக்குள் நேராக நிறுத்திய அந்த மடச்சியின்மேல். யாருக்காக இந்த வேஷம்? இந்தப் பள்ளத்தாக்கில் அவள் மானத்தைப் பார்த்துக்கொண்டு எவன் நிற்கிறான்? எழுத்தெழுத்தாக அத்தனையையும் அழித்தாள். பிறகு எழுதினாள்:

‘நான் முதலில் சொன்னது உண்மை இல்லை. வயிறு கல்லாகிவிட்டது. முகம் வெளிறிவிட்டது. என் கணவர் செத்துக்கொண்டிருக்கிறார். நான் பயந்துபோய் இருக்கிறேன். தயவுசெய்து இப்போதே வாருங்கள்.’

எழுதி முடிப்பதற்குள் அவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். கருவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். தோள் வலித்தது, பிடித்தாள். மறு கையால் தாங்கிப் பிடித்தாள். போ, போ என்று அதைக் கெஞ்சினாள். திட்டினாள். ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கருவி கிணுகிணு என்று ஒலித்தபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. போய்விட்டது. பதிலும் வந்தது: ‘புரிந்தது. ஹெலிகாப்டரை உங்கள் பக்கம் திருப்பிவிட்டோம். பளிச்சென்ற துணி எதையாவது மேலே தெரியும்படி விரியுங்கள்.’

கூடாரத் துணி மஞ்சள். அதை மணல் திட்டில் விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தாள். மேலே ஓடினாள், அவன் மூச்சைப் பார்த்தாள், கீழே ஓடினாள், மறுபடி மேலே. மழையின் முதல் தூறல் விழுந்தது. மேகம் மரத்தின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதற்குள் எவன் வருவான் என்று நினைத்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து இல்லை, கீழேயிருந்து. ஆற்றைப் பிடித்துக்கொண்டே, மேகத்துக்கு அடியில், வளைவு வளைவாகத் திரும்பி மேலேறி வந்தது சிவப்பு ஹெலிகாப்டர். வெர்னா மணல் திட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். அவள் அப்படிக் கத்தியதை யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. தண்ணீரும் மழையும் கண்ணீருமாக நின்று, வா, வா, வந்துட்டியா, வந்துட்டியா என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

வடத்தில் இறங்கிய மருத்துவ உதவிக்காரியின் பெயர் ரோய்மாட்டா. லிண்ட்ஸேயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் வேறெதுவும் கேட்காமல் ஊசியைப் போட்டாள், தூக்குப் படுக்கையில் கட்டினாள். வெர்னாவையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறியபோது பின்னால் மேகம் கதவைச் சாத்தியதுபோல் இறங்கிவிட்டது. கிரைஸ்ட்சர்ச்சில் நேராக அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்ததாம். இருட்டும்வரை அங்கேயே கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா சொன்னாள். வெர்னா அங்கேயே, ஆஸ்பத்திரி நடையில், ஈர பூட்ஸோடு உட்கார்ந்து பிரைடிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா அழுவதை அந்தப் பெண் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

மூன்றாம் நாள் லிண்ட்ஸேக்கு நன்றாக நினைவு தெளிந்தது. அந்த மேகத்துக்குள் எப்படி வந்தார்கள், அவர்களுக்கு அப்படி என்னதான் எழுதினாய் என்று கேட்டான். மழுப்பியிருக்கலாம். பழைய வெர்னா மழுப்பியிருப்பாள். அவள் சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து அந்தச் செய்தியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் மெதுவாகப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். ஊர் சிரிக்கும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எனக்கு அங்கயே தெரியும் வெர்னா,” என்றான். “மரத்தடியில உக்காந்தப்பவே தெரியும், போய்ட்டேன்னு. ரொம்ப பயமா இருந்துச்சு. உங்கிட்டச் சொல்ல வாய் வரல.”

வெர்னா கட்டிலில் ஏறி, குழாய்களை ஒதுக்கிவிட்டு, அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

“அதான் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நான் சொல்லிட்டேனே,” என்றாள்.