பெருச்சாளிக்குப் போட்ட புகை

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. அந்த வருடம் ஒரு பெருச்சாளி வாசலைத் தோண்டி, மாட்டுக் கொட்டகையைத் தோண்டி, கடைசியில் வீட்டுக்கடியிலும் புகுந்துகொண்டது. அது கோழிக்குஞ்சின் காலைக் கடித்துப் போட்டதைப் பார்த்ததிலிருந்து நான் போர்வைக்குள் காலை மடக்கியே படுப்பேன். எனக்கு ஏழு வயது.

அதே சமயத்தில் அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, அம்மை போட்டிருந்தது. பின்னறையில் இருந்தாள். கதவு வெளியே தாழிட்டிருக்கும். அம்மா மட்டும் சோறு கொண்டுபோவாள். கிட்டே போனால் உனக்கும் போட்டுவிடும் என்று அப்பா சொல்லியிருந்ததால் அந்தக் கதவைக் கண்டாலே ஓடிவிடுவேன்.

ஒரு ஞாயிறு காலையில் அப்பா புகைபோட ஆரம்பித்தார். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துத் தீ வைத்து, பானையின் வாயை வளையில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊத வேண்டும். மற்ற பொந்துகளைச் சேற்றால் அடைத்துவிட்டு ஒன்றில் மட்டும் சாக்கைக் கட்டியிருந்தார். அம்மா முந்தானையில் வரமிளகாயை அள்ளி வந்தாள்.

“ஏனுங்க, வெறும் வைக்கோலுக்கு அது அசையாதுங்க. இதையும் போடுங்க.”

பிறகு என்னிடம் சொன்னாள்: “நீ போயி அத்தை ரூம்புக் கதவுகிட்ட நில்லு கண்ணு. ஊட்டுக்குள்ள பொகை வருதான்னு பாரு.”

போய் நின்றேன். தரைக்குக் கீழே பறண்டும் சத்தம் ஓடியது. திடீரென்று நின்றது. கதவிடுக்கில் புகை கசிந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். பெருச்சாளிதான் இருமுகிறது என்று நினைத்து நடுங்கிப்போனேன்.

“கண்ணு, தாப்பாளத் தொற. மூச்சு முட்டுது.”

அத்தையின் குரல். திறந்தால் எனக்கும் அம்மை போட்டுவிடும், அப்பாவும் தோலை உரிப்பார். “அப்பா!” என்று கத்தினேன். ஊதுகிற மும்முரத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பிறகு உள்ளே இருமலும் நின்றது. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பயம் இன்றுவரை வந்ததில்லை. தவிட்டு டின்னை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

கண்ணும் மூக்கும் ஒழுக அத்தை வெளியே வந்தாள். தோளில் துணிப்பை. முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. என் கன்னத்தைத் தொட்டாள். நான் பதறி விலகினேன். மாட்டுக் கொட்டகை வழியாகத் தோப்புக்குள் போய்விட்டாள். தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பவே இல்லை.

“ஆருடி தொறந்தது?” என்று அப்பா வந்து கத்தினார்.

“உள்ள உங்க தங்கச்சிப் புள்ள செத்துருமேன்னு நாந்தானுங்க தொறந்தேன்” என்றாள் அம்மா.

அப்பா அம்மாவை அடித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் தவிட்டு டின்னுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெருச்சாளி சாக்கில் விழவே இல்லை. சந்தையில் பழக்கடை வைத்திருந்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அத்தை அடம்பிடித்ததால் பூட்டிவைத்திருந்தார்கள் என்பதும், அன்று அவள் அவரிடம்தான் போனாள் என்பதும் பல வருடம் கழித்தே எனக்குத் தெரிந்தது. அப்போதோ, தொட்ட கன்னத்தில் அம்மை வருகிறதா என்று தினமும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மை போட்ட வீட்டில் அம்மா கடுகுகூடத் தாளிக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் அன்று மிளகாயை அள்ளி வந்ததும், என்னை அந்தக் கதவருகே நிறுத்தியதும் ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.