சாம்பல் நிறத்தில் ஒரு கடைசி வரி

பெரியவளே, சின்னவனே, வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ நான், "புரியல மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்டால் நீங்கள் இருவரும் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறீர்கள். போன வாரமும் இழுத்தீர்கள். நான் ஏன் இப்படி ஆனேன் என்பதற்குப் பின்னால் நடந்த ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கே பாதிதான் தெரியும். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். பெரியவள் தவழ்ந்துகொண்டிருந்தாள், சின்னவன் இன்னும் பிறக்கவில்லை. பெங்களூரில், ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடு. அங்கிருந்து நடந்தே அடுகோடிக்கு வேலைக்குப் போவேன். ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில், வெப்சைட் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி. கீழே மிஷின் ஓடினால் மேலே எங்கள் டீ கிளாஸ்கள் நடுங்கும். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர், நான் ஏழாவது ஆள். ஷட்டர் திறப்பது, மேஜை துடைப்பது, டீ வாங்குவது, வரும் கூரியரைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை.

வாசல் பக்கம் என் மேஜை. அதில் எல்லோரும் கழித்துவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் மானிட்டர் ரொம்ப வெளுத்துப்போனது. வெள்ளை கண்ணைக் கூச வைக்கும், மற்ற இளம் நிறங்கள் எல்லாம் அந்த வெள்ளைக்குள் கரைந்து காணாமல் போகும்.

நான் அல்சூரில் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சின்ன வயதுக்காரர்கள் எல்லாம் டிகிரி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆபீசில் அதை மறைத்துக்கொண்டு நடமாடினேன். ஒருமுறை இரண்டு கூரியர் கவர்களை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "அண்ணனுக்கு இங்கிலீஷ் பேப்பர்னா பஜ்ஜி மடிக்கத்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது காதிலேயே இருந்தது.

அந்த ஆபீசில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஈரோட்டுப் பக்கம். வெப்சைட்டுக்கு நிறமும் எழுத்தும் அமைப்பது அவள் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதில் இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. ஊரில் அவள் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது, அவள் சம்பளத்தில்தான் அந்த வீடே ஓடியது. டீ கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவாள், அப்படித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

நர்ஸ் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பள்ளிக்கு அவள் வெப்சைட் செய்துகொண்டிருந்தாள். வெள்ளைப் பின்னணி, அதன்மேல் இளம் சாம்பல் நிறத்தில் எழுத்து. அவளுடைய புது மானிட்டரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்த அன்று என் மேஜைக்கு வந்து, பழைய கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாள்.

"ஏனுங்ணா, இத கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம், எழுத்து இல்லாட்டியும் என் கண்ணு தானா படிச்சுப்போடும். புதுசா பாக்கறவங்கதான் சொல்லணும். நல்லாப் படிக்க முடியுதுங்களா?"

நான் பார்த்தேன். மேலே பள்ளியின் படம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் கண்ணாடியில் படிந்த தூசி மாதிரி ஏதோ கோடுகள். பக்கத்து மேஜையில் அந்த பஜ்ஜிப் பையன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓ, நல்லா முடியுதும்மா" என்றேன்.

"கடைசி வரி வரைக்குமா?"

அன்று காலை டீ வைக்கும்போது அவளும் முதலாளியும் அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்திருந்தது. அதை அப்படியே எடுத்துவிட்டேன். "பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் வசதி இருக்குன்னு போட்டிருக்கே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தேங்க்ஸுங்ணா. இந்த மானிட்டர்லயே முடியுதுன்னா எங்கயும் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பையனும் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. என்ன செய்தோம் என்று அப்போது உறைக்கவே இல்லை.

நான்காம் நாள் அந்தப் பள்ளிக்காரரே படியேறி வந்தார். கன்னடக்காரர், அறுபது வயதுக்கு மேலிருக்கும், தமிழும் பேசுவார். வந்ததும் வராததுமாக, "ஏனூ காணஸ்தா இல்லவல்லா! ஒண்ணுமே தெரியல்லியே! பாதி பக்கம் காலியா இருக்கு. அட்மிஷனுக்கு யாரு வருவாங்க?" என்றார். முதலாளி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"டெஸ்ட் பண்ணியா இல்லையா?"

"பண்ணேனுங்க சார். வாசல்ல இருக்கற பழைய மானிட்டர்ல."

மூன்று பேரும் என் மேஜைக்கு வந்தார்கள். நான் டீ தட்டோடு ஓரமாக நின்றேன். பக்கம் திறந்தது. பள்ளியின் படம், அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"இதுல உனக்கு என்ன படிக்க முடியுது? சொல்லு" என்றார் முதலாளி.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. 'இந்த மனுஷன் ஏன் அப்படிச் சொன்னார்' என்று புரியாமல் பார்த்தாள்.

"நான்தான் சரியாப் பாக்கல சார். என் தப்பு" என்றாள். என் பேரை இழுக்கவே இல்லை.

"இன்னும் பத்து நாள்ல உன்னை கன்ஃபர்ம் பண்ணணும். எதை நம்பிப் பண்றது? இன்னைக்கு உன் வேலையை நிறுத்திட்டு வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசலாம்." பள்ளிக்காரரைக் கூட்டிக்கொண்டு முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார்.

அவள் டிராயரைத் திறந்து டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் பையில் வைத்தாள். நான் கிளாஸ் கழுவப் போனேன். கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், கைக்குழந்தை வீட்டில். அதைவிட, இவ்வளவு நாள் மறைத்தது எல்லோருக்கும் தெரிந்துபோகும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வேலை போவதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அப்போது அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

கையைத் துடைக்காமலே முதலாளி அறைக்குள் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. என்னைத்தான் பாக்கச் சொல்லுச்சு. எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. படிக்க முடியுதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"ஏன்யா? இதுல என்ன பொய் சொல்ல இருக்கு?"

"முடியலன்னா, இவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சுடுவாங்க சார். கடைசி வரி என்னன்னு ஏற்கெனவே காதுல விழுந்திருந்தது. அதைச் சொல்லி ஏமாத்திட்டேன்."

முதலாளி வாயைத் திறக்கும் முன் பள்ளிக்காரர் சிரித்துவிட்டார். என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்று தலையைக் குனிந்தேன்.

"அய்யோ சார், இவரைத் திட்டாதீங்க" என்றார். "நானும் மூணு நாள் யாருகிட்டயும் சொல்லல்லை. வயசாயிடுச்சு, என் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சு கண்ணாடிக் கடைக்கே போயிட்டு வந்தேன். கடைக்காரன், கண்ணு சரியா இருக்கு, போங்கன்னுட்டான். அப்புறம்தான் இங்க வந்தேன்."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "உனக்கு அப்புறம் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "ஓடு, அது போயிடப்போகுது. கூப்பிடு" என்றார்.

பட்டறை வாசலில் அவளைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். "எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமேங்ணா" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளே என் மேஜைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை படிக்க முடிகிறதா என்று கேட்கவில்லை. "கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லுங்க. யூகம் பண்ணாதீங்க. ஒண்ணும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, அதுதான் எனக்கு வேணும்" என்றாள். சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தமாக்கினாள். மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக் கேட்டாள். நான் "இல்லம்மா", "இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு "இல்ல"வையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். ஆபீசில் என் வாயிலிருந்து வந்த ஒன்றை யாரோ எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பஜ்ஜிப் பையனும் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்று, "அண்ணா, எனக்கே அந்த மூணாவது வரி தெரியலண்ணா" என்றான்.

நான்கு மணிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஈஜிபுராவில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அங்கே ஒன்றிரண்டு மானிட்டர் என்னுடையதைவிட மோசம், ஒன்று முழுக்க மஞ்சள் பாய்ந்தது. எல்லாவற்றிலும் பார்த்தோம். கடைசியில் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு கரும் நீலத்தில் வந்து நின்றாள். எல்லா மானிட்டரிலும் எழுத்து எழுந்து நின்றது.

பத்து நாள் கழித்து அவள் வேலை நிரந்தரமானது. என் வேலையும் போகவில்லை. 'அப்புறம் இருக்கு' என்று முதலாளி சொன்னது, எந்த வெப்சைட் முடிந்தாலும் முதலில் என் மேஜையில் காட்ட வேண்டும் என்பதுதான்.

என் பொய் யாரையும் தொடாது என்று நினைத்திருந்தேன். என் மானத்தைக் காத்துக்கொள்ள நான் சொன்ன ஒரு சொல்லுக்கு, டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியது வேறொரு வீட்டுப் பெண். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. இதற்காகத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அன்று பிரவுசிங் சென்டரிலிருந்து அவள் நேரே தான் தங்கியிருந்த விடுதிக்குப் போய்விட்டாள். ஷட்டரை இறக்க நான் மட்டும் ஆபீசுக்குத் திரும்பினேன். எல்லோரும் போயிருந்தார்கள். என் கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, திருத்திய அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். நான்காவது வரியில் 'எலிஜிபிலிட்டி' என்று ஒரு சொல். எழுத்து பளிச்சென்று இருந்தது, படித்தும்விட்டேன், அர்த்தம்தான் பிடிபடவில்லை. ஒரு தாளை எடுத்து அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி, கீழே, "இதுக்கு என்ன அர்த்தம்மா? எனக்குப் புரியவில்லை" என்று எழுதினேன். அதை அவளுடைய கீபோர்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.