வெள்ளைக்காரன் தந்த பிடிமண்

பேய், பிசாசுன்னு யாரும் பேச்செடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருத ஆளு அண்ணாச்சி. நம்பினா நம்புங்க, இல்லன்னா சிரிச்சுக்கிடுங்க, நடந்தது நடந்ததுதான்.

பர்மாவுல, ரங்கூன்ல சப்பான்காரன் குண்டு போட்டப்போ நானும் எம் பொஞ்சாதி செல்லம்மாளும் காட்டுவழியா ஓடியாந்தோம், கூட்டத்துல அவ கை நழுவிப் போச்சு. நான் மட்டும் ஊர் வந்து சேந்தேன், பாவி. பட்டாளத்துல சேந்தாத்தான் திரும்பப் பர்மாவுக்குப் போவ முடியும்னு தென்காசியில ஆள் எடுக்கிற எடத்துக்குப் போனா, நெஞ்சளவு பத்தலன்னு தள்ளிட்டாவ. மறுபடி போனேன், மறுபடியும் தள்ளிட்டாவ. அன்னைக்கு மத்தியானமே மேலகரம் வழியா குத்தாலத்துக்கு நடந்தேன், அருவியில விழுந்துரலாம்னுதான், வேற எதுக்கு.

ஐந்தருவிப் பாதையில சாரல் அடிச்சுக்கிட்டு இருக்கு. கல்லு மேல ஒரு கெழட்டு வெள்ளக்காரன், பழைய பட்டாளத்துச் சட்டையோட உக்காந்திருக்கான். "உன்னையும் சேக்கலையா?"ன்னு கொச்சத் தமிழ்ல கேக்கான். என்னையத் தள்ளினது இவனுக்கு எப்படித் தெரியும்? அவன் தேசம் போலந்தாம், மூணு ராஜாக்க பங்கு போட்டுக்கிட்டானுவளாம், எதுத்து நின்ன இவன் ஊரவிட்டு ஓடி வந்துட்டானாம். "துருக்கிக்காரன்ட்ட கேட்டேன், பாரசீகத்தான்ட்ட கேட்டேன், கும்பினிக்காரன்ட்டயும் கேட்டேன். உங்க பட்டாளத்துல சேத்துக்கோங்க, சண்டை போட்டே என் ஊருக்குப் போயிருவேன்னு. ஒருத்தனும் சேக்கல"ன்னான். எங்க தாத்தா காலத்துலயே கும்பினி ஆட்சி போயிருச்சேன்னு அப்போ எனக்கு உறைக்கல பாத்துக்கிடுங்க.

மடியில இருந்து ஒரு துணி முடிச்ச எடுத்தான். உள்ள கருப்பு மண்ணு, அவன் ஊர் மண்ணு. கண்ணத் தொடைக்க அதக் கல்லுல வைக்கப் போனான். நம்ம பக்கம் சாமிக்குப் புதுசா கோயில் எடுக்க, பழைய கோயில்ல இருந்து பிடிமண் கொண்டு போவமில்லா, போய்ச் சேருத வரைக்கும் கீழ வைக்கப்படாதுல்லா, அந்த நெனப்புல "வைக்காதீரும், இங்கன தாரும்"னு ரெண்டு கையாலயும் வாங்கிட்டேன். நிமிந்து பாத்தா ஆளக் காணோம். அவன் உக்காந்திருந்த எடமும் சேந்து நனஞ்சு கெடக்கு.

பிடிமண்ணக் கையில வாங்கினவன் அருவியில விழ முடியுமா, நீங்களே சொல்லுங்க. மறுநாள் அத இடுப்புல முடிஞ்சுக்கிட்டுப் போனேன். அதே டாக்டர், அதே டேப்பு, அதே நெஞ்சு. எடுத்துட்டாவ!

ஆனா கப்பல் பர்மாவுக்குப் போவல, இத்தாலிக்குப் போச்சு. கெஞ்சினேன், கால்ல விழுந்தேன், யாரு கேக்கா. அங்க எங்களுக்கு அடுத்த கேம்பு போலந்துப் பட்டாளம், அவனுவளும் ஊர எழந்துட்டு வந்தவனுவதான். மொத நாளே அதுல ஒரு சிப்பாய் நேரா எங்கிட்ட வந்து ரெண்டு கையையும் நீட்டினான். இடுப்புல இருந்த பிடிமண்ண அவுத்துக் குடுத்துட்டேன். மோந்து பாத்துட்டு ஓன்னு அழுதான். அப்போதான் வெளங்குச்சு, பட்டாளம் சேத்துக்கிட்டது என்னைய இல்ல.

செல்லம்மாள் கெடைக்கவே இல்ல. சண்டை முடிஞ்சு பர்மாவுல இருந்து வந்த பக்கத்தூரு சுரண்டைக்காரன் ஒருத்தன் சொன்னான், அங்கன காட்டோரத்துல தமிழ்ப் பொம்பள ஒருத்தி வார பட்டாளத்தையெல்லாம் மறிச்சு, "எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துல சேந்துட்டாரு, உங்ககூட வந்திருக்காரா?"ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாளாம்.

நான் பட்டாளத்துல சேந்தத அவளுக்கு யாரு அண்ணாச்சி சொன்னா?