நாற்பத்தேழாம் பக்கம்

நோயலீன் டக்கெட் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதோடு தீர்ப்பும் வரும். நூலக வண்டியின் மூன்று படிகளையும் ஏறி முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார். நான் அதை அப்படியே தட்டச்சு செய்து வண்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பேன். ஆஸ்திரேலியாவின் மாலி வட்டாரத்தில் பதினொரு ஊர்களுக்கு இந்த வண்டி போகிறது. ஓட்டுநரும் நான்தான், நூலகரும் நான்தான். எல்லா ஊரிலும் புத்தக அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் நோயலீனின் காகிதத்தைத்தான் படிக்கிறார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவரும் சிபாரிசை ஒருவரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

புதிதாக வரும் த்ரில்லர்களைப் பற்றி அவர் சொன்னது இது. "எல்லாத்துலயும் ஒரு பொம்பளை ஒயினைக் குடிச்சிட்டு எதிர்வீட்டைப் பாக்கறா. அப்புறம், பாத்தது நெஜமா பொய்யான்னு அவளுக்கே சந்தேகம். கண்ணு டாக்டர்கிட்ட போனா முதல் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிடும்." வறண்ட சிற்றூரில் பிணம் கிடக்கும் கதைகள் மேல் அவருக்குத் தனிக் கோபம். "நாமளும் வறண்ட ஊர்லதான இருக்கோம். அம்பது வருஷத்துல ஒரு கொலை உண்டா? ஒரு டிராக்டர் காணாம போச்சு. அதுவும் மச்சான்காரன்தான் ஓட்டிட்டுப் போயிருந்தான்."

காதல் நாவல்களை விரும்பிப் படிப்பார், ஆனால் குறை சொல்லாமல் விடமாட்டார். "பண்ணைக்காரன் எதுக்கு எப்பப் பாரு சட்டை இல்லாம வேலி கட்டறான்? முள்கம்பி கிழிக்காதா? என் வீட்டுக்காரர் நாப்பது வருஷம் வேலி கட்டினார், ஒரு நாள் சட்டையக் கழட்டல. கழட்டாததே நல்லது." மாயாஜாலக் கதைகளை மட்டும் தொடவே மாட்டார். முன்பக்கத்தில் வரைபடம் இருந்தால் அப்படியே மூடிவிடுவார். பெயருக்கு நடுவில் கொக்கி போட்ட ஆட்களையும் காதலில் விழும் டிராகன்களையும் எண்ணூறு பக்கம் சகித்துக்கொண்டபின் இது முதல் பாகம்தான் என்று சொல்வது மோசடி என்பது அவர் கட்சி.

முப்பத்தொரு வருடம் அவர் எங்கள் ஊர் கோதுமைக் களஞ்சியத்தில் எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி மேடையில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகப் பார்த்து எத்தனை டன் என்று சொல்லிவிடுவாராம். லாரிக்காரர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமை கொலைகாரர்கள் பக்கம் திரும்பியது. நூறாம் பக்கத்துக்குள் ஆளைப் பிடித்துவிடுவார். பிடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தேநீர் போடப் போவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரம் மூன்று புத்தகம் படிக்கிறவர்களுக்கு எதைப் படித்தோம் என்பது நினைவில் நிற்காது. அட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கள் கணினியோ புத்தகம் திரும்பி வந்த நிமிடமே யார் எடுத்தார்கள் என்பதை அழித்துவிடும். வாசகரின் அந்தரங்கம் என்று அதற்கொரு விதி. அதனால் ஊருக்கு ஊர் வாசகர்கள் புத்தகத்துக்குள் ரகசியக் குறி போட்டுவைக்கிறார்கள். நோயலீன் பிறந்தது நாற்பத்தேழில். நாற்பத்தேழாம் பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு சின்ன டிக். அவருடைய சிநேகிதி கிளெனிஸுக்குக் கல்யாணம் நடந்தது பத்தொன்பதாம் தேதி; பத்தொன்பதாம் பக்கத்தில் ஐந்து இதழ் பூ. நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருப்பது நான்தான். கண்டும் காணாமல் இருப்பதும் நான்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நோயலீன் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் படியேறினார். ஒரு த்ரில்லரை என் மேசைமேல் விரித்துவைத்து, விரலால் நாற்பத்தேழாம் பக்கத்தைக் காட்டினார். டிக் இருந்தது.

"உங்க குறிதான?" என்றேன்.

"என் குறிதான். ஆனா நான் இதை முன்னாடி படிக்கல, நெவ்."

"படிச்சிருப்பீங்க. எல்லாம் ஒரே கதைன்னு நீங்கதான சொல்வீங்க?"

"முழுசாப் படிச்சு முடிச்சேன். ஒரு வரிகூட முன்னாடி படிச்ச மாதிரி இல்ல. ஆனா எம்பதாம் பக்கத்துல ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன். பல் டாக்டர்தான்னு." குரலைத் தணித்துக்கொண்டார். "நானாக் கண்டுபிடிச்சேனா, இல்ல முன்னாடியே படிச்சதால தெரிஞ்சுதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். கடைசி ஆறு வருடம் பெற்ற மகளை "டீச்சர்" என்று அழைத்து, வெளியே போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்த அம்மா.

நோயலீன் அதன்பின் அலமாரிப் பக்கம் போய், ஒவ்வொரு புத்தகமாக எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் பார்த்தார். அவர் டிக் இருந்து, அவருக்குக் கதை நினைவில்லாதவை இன்னும் மூன்று கிடைத்தன. அதில் ஒன்று காதல் நாவல். அதன் முடிவு தெரியும் என்றார். ஆனால் காதல் நாவலின் முடிவு யாருக்குத்தான் தெரியாது. 

இரண்டு வாரம் கழித்து வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எண்ணூறு பக்க மாயாஜாலக் கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார், வரைபடம் போட்டது. அந்த வகையை அவர் வாழ்நாளில் படித்ததில்லை, ஆகவே முன்பே படித்திருக்க வழியில்லை. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வந்த ஆட்களின் பெயரையெல்லாம் நினைவிலிருந்து எழுதிப் பார்த்திருக்கிறார். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் கையெழுத்துப்போல ஓரம் விட்டு நேராக எழுதியிருந்தார்.

"இருபத்தொம்பது பேர்ல இருபத்தாறு சொல்லிட்டேன். மூணு வரவே இல்ல. தென்கோட்டையில ஒரு கொல்லன் வருவான்பாரு, அவன் பேரு நாலு நாளாச் சிக்கமாட்டேங்குது."

"எனக்கு அதுல ஒரு பேரக்கூட வாயால உச்சரிக்க முடியாது."

"உனக்குத் தேவையில்ல. உங்கம்மா தொண்ணூறு வயசுலயும் சீட்டாட்டத்துல ஏமாத்தினா." நோட்டை மூடினார். "கதை ஒண்ணும் மோசமில்ல. அந்த டிராகனுக்கு எங்க களஞ்சியத்து மேனேஜரவிட மூளை இருக்கு. ஆனா நிம்மதியாப் படிக்க முடியலப்பா. ஒரு பேரு மறந்தா நெஞ்சு அடிச்சுக்குது. த்ரில்லர்ல ஆளைக் கண்டுபிடிச்சாலும் அடிச்சுக்குது. இப்பல்லாம் நான் கண்டுபிடிச்சது தப்பாப் போகணும்னு வேண்டிக்கிட்டே படிக்கறேன்."

அடிலெய்டில் இருக்கும் மகனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மகன் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறான். இரண்டு வாரம் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வரப்போகிறார். வந்ததும் ஸ்வான் ஹில் நகரில் டாக்டரிடம் ஞாபகப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கார் ஓட்டும் லைசென்ஸ் போய்விடும். எங்கள் ஊரில் பால் வாங்கவே நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். லைசென்ஸ் போனால் வீடும் போன மாதிரிதான்.

நோயலீன் இல்லாத அந்தச் செவ்வாயில் புதுப் புத்தகப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். பசை மணம் போகாத புத்தகங்கள். அதில் ஒரு த்ரில்லரை கிளெனிஸ் எடுத்துக்கொண்டார். "நோயலீன் இல்லாத நேரமாப் பாத்து நல்லது வருது," என்று சிரித்தார். கிளெனிஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவர். பூசினாற்போன்ற கன்னமும் பூப்போட்ட சட்டையுமாக எப்போதும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவில் ஒட்டியிருந்த நோயலீனின் காகிதத்தை நெடுநேரம் படித்தார். உதடு அசைந்தது. நான் கவனித்தேன், ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு கிளெனிஸ் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, தேநீர் குடிக்க ஊர் மண்டபத்துக்குள் போனார். நூலக வண்டி வரும் நாளில் மண்டபத்தில் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் உண்டு. ஈரக்கறை இருக்கிறதா என்று பக்கங்களைத் தள்ளிப் பார்ப்பது என் வேலை. நாற்பத்தேழாம் பக்கத்தில் டிக் இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். பூ இல்லை.

பெட்டியிலிருந்து நேராக கிளெனிஸ் கைக்குப் போன புத்தகம். நோயலீன் அப்போது அடிலெய்டில் இருந்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. இந்த கிளெனிஸ் விளையாடியிருக்கிறார், மனுஷியைப் பைத்தியமாக்கியிருக்கிறார், வரட்டும் நறுக்கென்று நாலு கேட்கிறேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

பதினொரு மணிக்கு நோயலீன் வந்தார். இரண்டு வாரத்தில் இளைத்திருந்தார். "வியாழக்கிழமை டாக்டர். திங்கக்கிழமை வீட்டை விக்கறதுக்குப் போட்டோ எடுக்க ஏஜென்ட் வரான். டாக்டர் சொல்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு பையன் கேக்கறான்," என்றார்.

யார் எதைப் படித்தார்கள் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகக் காப்பாற்றிய விதி அது. ஒருமுறை மனைவி என்ன படிக்கிறாள் என்று கேட்ட கணவனையே படியிறக்கி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்து நோயலீன் கையில் கொடுத்தேன்.

"இது போன தடவைதான் பெட்டியிலேர்ந்து பிரிச்சேன். ஒரே ஒரு ஆள்தான் எடுத்துட்டுப் போனாங்க. கிளெனிஸ். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நோயலீன். அவங்கதான் உங்க குறியப் போட்டு விளையாடியிருக்காங்க."

நோயலீன் அந்த டிக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். "நான் படிக்கவே இல்ல. பல் டாக்டர நானேதான் பிடிச்சேன்," என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

அப்புறம் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ இந்த மாதிரி விளையாட மாட்டா, நெவ்."

அந்த டிக்கின்மேல் விரலை வைத்தார்.

"கிறிஸ்மஸ்ல ஒரே இறைச்சிக் கேசரோலை ரெண்டு நாள் கொண்டுவந்து குடுத்தா. முந்தின நாள் குடுத்தத மறந்துட்டான்னு நெனைச்சேன்… இல்ல, நெனைக்கவே இல்ல. நான் என்னையே பாத்துட்டிருந்தேன். வாசகர் கூட்டத்துல நான் சொன்னதையே திருப்பிச் சொல்றா. என்னைக் கிண்டல் பண்றான்னு கோச்சுக்கிட்டேன்." கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நான் சிரிச்சேன் பாத்தியா. எனக்கு இல்ல, அவளுக்குத்தான்னு தெரியறதுக்கு முன்னாடியே என் மனசு சிரிச்சிடுச்சு."

"நானும்தான் சிரிச்சேன்," என்றேன். வெட்கமாக இருந்தது. விதியை மீறியதற்காக இல்லை.

மண்டபத்திலிருந்து கிளெனிஸ் வந்துகொண்டிருந்தார். காகிதத் துண்டில் ஒரு ஸ்கோனைச் சுற்றி எனக்காகக் கொண்டுவந்தார். படியேறியதும் நோயலீனைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? அடிலெய்டுல உன்னைப் பிடிச்சு வெச்சுக்குவாங்கன்னு பயந்துட்டேன். மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு?"

நோயலீன் மடியில் இருந்த புத்தகத்தை மூடினார். பிறகு சாதாரணமாக, அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உன் குறி எந்தப் பக்கம்டி?"

"நாப்பத்தேழு," என்றார் கிளெனிஸ், கொஞ்சமும் தயங்காமல். "நாப்பத்தேழுல டிக். எத்தனை வருஷமாப் போடறேன். எதுக்குக் கேக்கற?"

"என்னுது?"

கிளெனிஸின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கிண்டல் செய்கிற முகம் கலங்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கிட்டே வந்து நோயலீனின் தோளில் கை வைத்தார்.

"உன்னுது பூ. பத்தொம்பதாம் பக்கம். அஞ்சு இதழ் போடுவ. மறந்துட்டியா நோயலீன்?"

 நான் கணினித் திரையை வெறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

"ஆமாண்டி," என்றார் நோயலீன். "மறந்துட்டேன். கொஞ்ச நாளா இப்படித்தான் இருக்கு. பயமா இருக்கு."

"அடிப்போடி. வயசானா எல்லாருக்கும்தான் வருது. எனக்கு வரலையா? முந்தாநாள் அடுப்ப அணைக்காமலே கடைக்குப் போயிட்டேன். அதுக்காக அழுதுட்டா இருக்கேன்?"

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போகணும். தனியாப் போகப் பிடிக்கல. துணைக்கு வரியா? நீயும் கூட உக்காரு. அவர் கேக்கற கேள்விக்கு ரெண்டு பேருமே பதில் சொல்லுவோம். எனக்குத் தைரியமா இருக்கும்."

"இதுக்குப் போய் இவ்ளோ தயங்குற. வரேன்டி," என்றார் கிளெனிஸ். குனிந்து சிநேகிதியின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "கார நான் ஓட்டறேன். உன்னை இந்த நெலமையில ஓட்ட விடமாட்டேன்."

நோயலீன் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல கிளெனிஸ், நானே ஓட்டறேன்," என்றார். "ஓட்டும்போது எனக்குப் பயம் தெரியாது."